பதினான்காம் அட்டவணை

சிவஞானத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ஏழு வருடமாக நினைக்கிறேன். உட்கார்ந்தால் கோபம்தான் முதலில் வருகிறது. காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. சமையலும் முடிந்துவிட்டது. சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

என் பெயர் இந்திராணி. போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவுக் குமாஸ்தா. வருகிற கடிதத்துக்கு ஓர் எண், போகிற கடிதத்துக்கு ஓர் எண், அவ்வளவுதான் என் உத்தியோகம். சிவஞானம் எனக்கு அடுத்த மேசையில் டைப்பிஸ்டாக 1966-இல் வந்து சேர்ந்தான். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். என்னைவிட எட்டு வயது சின்னவன். வந்த முதல் வாரத்திலேயே 'எக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதால் அவனுக்கு மரியாதைப் பன்மை போட்டு எழுத எனக்கு வரவில்லை. டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி அவன் அறை. இப்போது டாலிகஞ்ச் பக்கம் குடிபோய்விட்டான். வழியில் பார்த்தால் தலையை ஆட்டுவான், பேச மாட்டான்.

அவன் இந்தத் தீவுக்கு வந்ததே அவன் அக்கா அன்னம்மாளுக்காக. தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். அவளும் அவள் புருஷன் கண்ணையாவும் 1964-இல் குடியேற்றத் திட்டத்தில் கப்பலேறி வந்து, பாராடாங் தீவில் ஐந்து ஏக்கர் காட்டை வாங்கி வெட்டித் திருத்தினார்கள். அவர்கள் இருந்த இடத்துக்கு மூன்றாம் நம்பர் கேம்ப் என்று பெயர். நாற்பது குடும்பம், அத்தனையும் தமிழ்க் குடும்பம். ரோடு கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு டுங்கி வரும். டுங்கி என்பது சின்ன மோட்டார் படகு. அதில் ஒரு கம்பவுண்டர் மருந்துப் பெட்டியோடு வந்து இறங்குவார். டாக்டர் ஒருநாளும் வந்ததில்லை, ஆனாலும் 'டாக்டர் டுங்கி' என்றுதான் சொல்வார்கள். காட்டைத் திருத்திய இடத்தில் மலேரியா விடுமா? அந்தக் கம்பவுண்டர் கொடுத்த மாத்திரையில்தான் நாற்பது வீடும் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லப்போவது படிப்பைப் பற்றியது போலத் தெரியும். உண்மையில் அந்த டுங்கியைப் பற்றியது.

சிவஞானத்துக்குப் படிப்பு என்றால் உயிர். பள்ளி இறுதி வகுப்போடு நின்று போனவன். காலேஜ் வாசலை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறான். அச்சடித்த எழுத்து எதுவானாலும் அவனுக்குச் சாமி. எங்கள் ஆபீஸில் விதிமுறைப் புத்தகம் ஒன்று உண்டு, அதைத் தூக்கினால் கை வலிக்கும். அதைப் பொழுதுபோக்குக்காகப் படித்த ஒரே மனிதன் இவன்தான். "எக்கா, கீழ பொடி எழுத்துல எங்கருந்து எடுத்தோம்னு எழுதியிருக்கான் பாருங்க. அதுதான் படிச்சவன் புத்தி. வாய்க்கு வந்தத எழுத மாட்டான்" என்பான். நான் சிரிப்பேன். எனக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கக் கண் பற்றாது.

1969 ஜனவரியில் மெயின்லேண்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் கப்பலில் வந்து இறங்கினார். பெயர் வேண்டாம், இன்று பெரிய நாற்காலியில் இருக்கிறார். நாங்கள் 'ஸ்காலர் சாப்' என்று கூப்பிட்டோம். ஒல்லியான மனிதர், கெட்டவர் இல்லை. குடியேறிகளின் வாழ்க்கையைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. மூன்றாம் நம்பர் கேம்பை எடுத்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, கேம்புக்காரர்களுக்கு ஹிந்தி அரைகுறை. எங்கள் சூப்பரின்டென்டென்ட் உதயசூரியன் சிவஞானத்தை மொழிபெயர்க்க அனுப்பினார். அன்று அவன் நடந்த நடையைப் பார்க்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

எனக்கு லீவு பாக்கி இருந்தது. பாராடாங் பார்த்ததில்லை. நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். அது என் தலையெழுத்து.

படகில் ஸ்காலர் சாப் சிவஞானத்துக்கு ஒரே ஒரு விதி சொன்னார். அவர்கள் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், உன் வார்த்தை ஒன்றுகூடச் சேரக் கூடாது, சேர்ந்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும். சிவஞானம் வேதவாக்காகத் தலையாட்டினான்.

நாற்பது வீட்டுக்கும் நாற்பது படிவம். எத்தனை பேர், எவ்வளவு நெல், எத்தனை மாடு என்று போய், பதினான்காவது கேள்வி, கடந்த ஒரு வருடத்தில் வீட்டில் யாருக்கெல்லாம் நோய் வந்தது என்று. முதல் வீட்டில் "யாருக்கும் இல்ல" என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் இல்லை. பத்தாவது வீட்டிலும் இல்லை. ஸ்காலர் சாபுக்கு முகம் மலர்ந்துகொண்டே போனது. காட்டு நடுவில் நாற்பது வீடு, நோய் என்ற பேச்சே இல்லை. எந்த ஆராய்ச்சிக்காரருக்குத்தான் இனிக்காது?

பதினோராவது வீடு அன்னம்மாள் வீடு. தம்பியைப் பார்த்த சந்தோஷத்தில் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் டம்ளரைக் கழுவ உள்ளே போனேன். மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் மகள் செல்லம், அப்போது மூன்று வயது, இரண்டு கம்பளிக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. வெளியே சிவஞானத்தின் குரல் கேட்டது.

"எக்கா, போன ஒரு வருசத்துல வீட்டுல யாருக்கும் சீக்கு உண்டா?"

"எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்ல ஐயா. கல்லு மாதிரி இருக்கோம்" என்றாள் அன்னம்மாள். சொந்தத் தம்பியை 'ஐயா' என்றாள். கையில் படிவம் இருந்ததால்.

சிவஞானம் தட்டியை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு ஸ்காலர் சாபிடம் இங்கிலீஷில், இல்லை என்றான். அன்னம்மாள் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள். நான் ஈர டம்ளரோடு நின்றேன். எனக்கு வாய் நீளம் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் அது எங்கே போயிற்றோ.

திரும்பும்போது படகின் பின்பக்கம் அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, உள்ள உன் மருமக காய்ச்சல்ல கெடக்குது. நீ இல்லன்னு சொல்ற. உனக்கு மனசாட்சி இருக்கா?"

"அக்கா சொன்னதத்தான எக்கா சொன்னேன்."

"அவ ஏன்டா அப்படிச் சொல்றா?"

"வாபஸ் பயம்" என்றான்.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. இவர்களை மெயின்லேண்டில் தேர்ந்தெடுக்கும்போது, உடம்பு திடமாக இருந்தால்தான் நிலம் என்று சொல்லி, நெஞ்சைத் தட்டி, பல்லைப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். வந்து இரண்டாம் வருடம் கேம்பில் ஆறுமுகம் என்று ஒருவன் ரத்தமாக இருமினான். அவனைக் குடும்பத்தோடு கப்பலேற்றி மெட்ராஸுக்கு வைத்தியத்துக்கு அனுப்பினார்கள். அவன் திரும்பி வரவில்லை. அவன் நிலத்தில் வேறொரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து கேம்பில் 'வாபஸ்', அதாவது திருப்பி அனுப்புவது, என்ற ஹிந்தி வார்த்தையைக் கேட்டால் பிள்ளைகள் விளையாட்டைக்கூட நிறுத்திவிடும். சீக்கு என்று காகிதத்தில் ஏறிவிட்டால் நிலம் போய்விடும் என்று நாற்பது வீடும் நம்பியது. கம்பவுண்டரிடம்கூட மாத்திரை வாங்குவார்கள், பெயர் எழுத விட மாட்டார்கள். அந்த நல்ல மனிதரும் அவர்களுக்காகத் தம் ரிஜிஸ்டரில் 'காட்டு இலாகா கூலிகள்' என்று எழுதி வந்தார்.

"அந்த ஆள்கிட்ட இதச் சொல்லேன்டா" என்றேன்.

அவன் போய்ச் சொன்னான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஸ்காலர் சாப் வாந்தி எடுத்துக் களைத்துப் போய்ச் சாய்ந்திருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது உன் அபிப்பிராயம், தரவு இல்லை என்றார். இதை யாராவது எழுதி அச்சிட்டிருக்கிறார்களா என்று கேட்டார். இருந்தால் அடிக்குறிப்பில் போடலாமாம். கண்ணால் பார்த்ததற்கு அடிக்குறிப்பு கிடையாதாம். சிவஞானம் வந்து உட்கார்ந்து, "அவர் சொல்லுததும் நியாயம்தான எக்கா. ஆளாளுக்கு நெனச்சத எழுதினா அது எப்படி ஆராய்ச்சி ஆகும்?" என்றான். எனக்கு அவனைக் கடலில் தள்ளலாம் போல இருந்தது.

ஆராய்ச்சி நூலை டைப் அடித்துக் கொடுத்ததும் அவன்தான். ஸ்காலர் சாப் கையெழுத்தில் எழுதி மெயின்லேண்டிலிருந்து தபாலில் அனுப்புவார், இவன் ஆபீஸ் முடிந்து உட்கார்ந்து அடிப்பான். கார்பன் வைத்து ஆறு பிரதி. ஒரு எழுத்துத் தப்பினால் ஆறு தாளிலும் பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்ட மாட்டான், தாளையே கிழித்துப் போட்டு முதலிலிருந்து அடிப்பான். பதினான்காம் அட்டவணையை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். நோய் என்ற தலைப்புக்குக் கீழே நாற்பது சைபர், ஒன்றுக்குக் கீழ் ஒன்று, நூல் பிடித்தாற்போல.

"எப்படி எக்கா?"

"பொய்யி அழகா இருக்குடா" என்றேன்.

"இது லைப்ரரில இருக்கப்போற புஸ்தகம் எக்கா. ஆபீஸ் ஃபைல் வேற, ஆராய்ச்சி வேற. இதனால யாருக்கு என்ன வந்திரும்?"

1971-இல் அது அச்சாகிப் புத்தகமாக வந்தது. நன்றியுரையில் கடைசி வரியில் அவன் பெயர். 'பொறுமையாக மொழிபெயர்த்தும் தட்டச்சு செய்தும் உதவிய திரு. சிவஞானத்துக்கு' என்று. அந்தப் பக்கத்தை அவன் காட்டாத ஆள் போர்ட் பிளேரில் இல்லை. மீன்காரி வரைக்கும் காட்டினான். நானும் மனசுவிட்டுச் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

அடுத்த ஏப்ரல் மாதம் ஒரு திங்கட்கிழமை. உதயசூரியன் ஒரு டிராஃப்டை அவன் மேசையில் போட்டுவிட்டுப் போனார். சிவஞானம் மெஷினில் தாளைச் செருகி அடிக்க ஆரம்பித்தான். அவன் அடிக்கும் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி, நின்றால்தான் தெரியும். நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு டிராஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு வெளுத்துவிட்டது.

"என்னடா?"

தாளை என் பக்கம் தள்ளினான்.

மூன்றாம் நம்பர் கேம்புக்குச் செல்லும் மருத்துவப் படகு அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தப்பட்டு, தேவை மிகுந்த வேறு இடத்துக்கு மாற்றப்படுகிறது. காரணம், மேற்படி குடியிருப்பில் நோய் ஏதுமில்லை என்பது பல்கலைக்கழக ஆய்வில் உறுதியாகியுள்ளது. பார்க்க: பதினான்காம் அட்டவணை, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.

இரண்டு தடவை படித்தேன். அந்த நாற்பது சைபரும் எழுந்து நடந்து வந்து எங்கள் ஆபீஸ் மேசையில் உட்காரும் என்று கனவிலாவது நினைத்தோமா? சிவஞானம் எழுந்து நேரே உதயசூரியன் மேசைக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், இது தப்பு சார்."

"ஸ்பெல்லிங்கா?"

"அட்டவணையே தப்பு சார். அங்க வீட்டுக்கு வீடு காய்ச்சல். பயந்துக்கிட்டு இல்லன்னு சொன்னாங்க."

உதயசூரியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா பேசற? யுனிவர்சிட்டி பாஸ் பண்ணி டாக்டர் பட்டம் கொடுத்திருக்கு, நீ ஃபெயில் போடறியா? கம்பவுண்டர் ரிஜிஸ்டரையும் பாத்தாச்சு. கேம்ப்காரன் ஒருத்தன் பேரும் அதுல இல்ல."

"சார், என் அக்கா மகளுக்கே..."

"சொன்னதுக்குக் காகஜ் இருக்கா? நாப்பது வீட்டுக் கைநாட்டு அந்தப் பக்கம் இருக்கு. நீ நாப்பது கைநாட்டு கொண்டா. ஃபைல மேல அனுப்புறேன்."

அவர் கொடுமைக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். காகிதத்துக்குக் காகிதம் கேட்டார். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் பிழைத்தோம். அந்த உத்தரவை சிவஞானம்தான் அடித்து முடித்தான். நான்தான் எண் போட்டு அனுப்பினேன்.

லீவு போட்டுவிட்டு அவன் கேம்புக்கு ஓடினான். நான்கு நாள் கழித்து வெறுங்கையோடு வந்தான். ஒருவரும் கைநாட்டு வைக்கவில்லை. முன்னே இல்லை என்று வைத்தோம், இப்போது உண்டு என்று வைத்தால் சர்க்காரிடம் பொய் சொன்னோம் என்று ஆகும், அதற்கும் சேர்த்து வாபஸ் அனுப்புவார்கள் என்று பயம். அன்னம்மாளும் மறுத்துவிட்டாள். "நிலத்த விட்டுட்டு எங்கல போவோம்? காய்ச்சலுக்குக் கசாயம் வெச்சுக்கிடுதேன், நீ போ" என்றாளாம். கண்ணையா படகுத்துறைவரை கூட வந்தானாம்.

ஜூன் மாதம் ஒருநாள் காலையில் என் மேசையில் இரண்டு கவர் வைத்தான். ஒன்று எங்கள் ஆபீஸுக்கே, ஒன்று ஸ்காலர் சாபுக்கு. உறை ஒட்டியிருக்கவில்லை. படித்தேன். மூன்றாம் நம்பர் கேம்ப் மக்கள் தங்களுக்கு நோய் உண்டு என்றுதான் சொன்னார்கள், மொழிபெயர்த்த நான் சோம்பல் காரணமாக வேண்டுமென்றே இல்லை என்று மாற்றிச் சொன்னேன், குற்றம் முழுவதும் என்னுடையது, மக்கள் மேல் தவறில்லை. கீழே கையெழுத்து.

"அடப்பாவி, இது பொய்யில்லையா? நீ ஒரு வார்த்தை மாத்தலையே. நான் கூட நின்னு கேட்டேனே."

"ஆமா எக்கா. அன்னைக்கு உள்ளத உள்ளபடி சொன்னேன், அது பொய்யாப் போச்சு. இன்னைக்கு நான் பொய் சொன்னாத்தான் டுங்கி வரும்."

"வேலை போயிடும்டா."

"போட்டும்" என்றான். என் மேசையில் இருந்த பசையை எடுத்து அவனே ஒட்டினான். மூன்று வருடம் முன்னால் இந்த மனிதன்தான் ஒரு எழுத்துத் தப்பியதற்கு ஆறு தாளைக் கிழித்துப் போட்டவன். எண் போடும்போது கண்ணீர் என் கண்ணை மறைத்தது.

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் ஜூலை நடுவில் வந்தது. வருகிற தபாலைப் பிரிப்பது நான்தானே. ஸ்காலர் சாப் அதற்குள் டாக்டர் சாப் ஆகியிருந்தார். தங்கள் கடிதம் மிகச் சுவையாக இருந்தது என்று ஆரம்பித்திருந்தார். படிவங்களில் மக்களின் கைநாட்டு இருப்பதால் அவை முதல்நிலைச் சான்று. மூன்று வருடம் கழித்து மொழிபெயர்ப்பாளர் சொல்வது இரண்டாம்நிலைச் சான்று. ஆகவே அட்டவணையைத் திருத்தத் தேவையில்லை. ஆயினும் மொழிபெயர்ப்பாளர்களை எவ்வளவு நம்பலாம் என்று தாம் ஒரு கட்டுரை எழுதி வருவதாகவும், தங்கள் கடிதத்தைப் பின்னிணைப்பாகச் சேர்க்க அனுமதி வேண்டும் என்றும் எழுதி, நலம் விசாரித்து முடித்திருந்தார். ஒருவன் தன் கழுத்தை வெட்டி வைத்தால், அதையும் அளந்து அட்டவணையில் போடுவார்களா?

இதோடு போகவில்லை. எங்கள் ஆபீஸ் நூலகத்துக்கு வருகிற புத்தகங்களுக்கும் எண் போடுவது நான்தான். பதினான்காம் அட்டவணையை இதுவரை ஐந்து பேர் மேற்கோள் காட்டிவிட்டார்கள். முதல் ஆளைப் பார்த்து இரண்டாம் ஆள், இரண்டாம் ஆளைப் பார்த்து மூன்றாம் ஆள். எல்லாருக்கும் பட்டம் கிடைத்தது, உத்தியோகம் கிடைத்தது. கீழே பொடி எழுத்தில் ஒழுங்காகப் பக்க எண் போட்டிருக்கிறார்கள். ஒருத்தரும் கேம்பில் காலை வைத்ததில்லை. இன்றைக்குப் படிப்பு என்கிறார்களே, அது இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. படிக்காதவள் பேசுகிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

அந்தப் பதில் வந்த அதே வாரம் வெள்ளிக்கிழமை, காட்டு இலாகா லாஞ்சு டிரைவர் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். சிவஞானத்தைத் தேடினார். செல்லத்துக்கு ஐந்து நாளாகக் காய்ச்சலாம். டுங்கி நின்று பத்து வாரம். கண்ணையா ஒரு வள்ளத்தை இரவல் வாங்கி, பிள்ளையைத் தார்ப்பாயில் சுற்றிப் படுக்கவைத்து, மழையில் காயல் வழியாகத் துடுப்புப் போட்டிருக்கிறான். பெரிய படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளை இல்லை. ஆறு வயது.

சிவஞானம் கேட்டுக்கொண்டு நின்றான். மேசைக்குத் திரும்பி வந்து, பாதியில் விட்ட வரியை அடித்து முடித்தான். தாளை உருவி மேசையில் வைத்து அதன்மேல் கல்லை வைத்தான். அப்புறம்தான் கிளம்பினான். அவன் அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

அவன் ஆபீஸுக்குக் கொடுத்த கடிதத்தின்மேல் ஆகஸ்டில் விசாரணை வந்தது. வேறு இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி, ஹிந்திக்காரர். கேம்புக்குப் போய் ஒவ்வொரு வீட்டிலும் நேரில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். நோய் இருந்ததாக மக்கள் சொன்னால் சிவஞானத்தின் குற்றம் உறுதியாகும், டுங்கியும் திரும்ப வரும். இல்லை என்று சொன்னால் அவன் கடிதம் தள்ளுபடி, டுங்கி கிடையாது. சம்பந்தப்பட்டவன் வரக் கூடாது என்பதால் தமிழ் எழுத என்னை அனுப்பினார்கள்.

புறப்படும்போது துறையில் வந்து நின்றான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "எக்கா, இனி அவளுக்கு என்ன பயம்? போகவேண்டியது போயிட்டுல்லா. இந்தத் தடவ சொல்லிருவா. நீங்க அவ சொல்லுதத அப்படியே எழுதிருங்க. மத்த வீட்டுப் பிள்ளையளாவது இருக்கட்டும்" என்றான். அவன் முகத்தில் மாதக்கணக்காக இல்லாத ஒரு தெளிச்சி இருந்தது.

கேம்பில் அதிகாரி ஃபாரஸ்டர் குடிசையில் சாயா குடிக்க உட்கார்ந்தார். நான் நேராக அன்னம்மாள் வீட்டுக்குப் போனேன். கட்டிக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். வீட்டுக்குப் பின்னால் வாழைகளுக்கு நடுவில் ஒரு சின்ன மண்மேடு. மழையில் அதன்மேல் புல் முளைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. வாயைத் திறந்துவிட்டேன். மூன்று வருடம் முன்பு திறந்திருக்க வேண்டிய வாய், திறக்கக் கூடாத நாளில் திறந்தது.

"உனக்காக உன் தம்பி தலையக் கொடுத்துட்டு நிக்கிறான்மா. நீ இருந்துச்சுன்னு சொல்லு, டுங்கி வந்துரும். அவன் வேலை போனாப் போகட்டும். உன்கிட்ட அவன் சொல்லியிருக்கமாட்டானே, பைத்தியக்காரன். மாத்தி எழுதினது நான்தான்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கான்."

அவளிடம் அவன் சொல்லவில்லைதான். அவள் அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"வேல போயிருமா அம்மா?"

"போகும். ஜெயிலுன்னுகூடப் பேசிக்கிறாங்க." பெருமையாகச் சொன்னேன், நாசமாய்ப் போகிறவள். அவன் செய்த தியாகத்தை அவள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொன்னேன்.

அவள் எழுந்து கொல்லைக்குப் போனாள். கண்ணையாவிடம் ஏதோ பேசினாள். அவன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து தென்னை ஓலைகளை இழுத்துவந்து அந்த மண்மேட்டின் மேல் போட்டான். காயப்போட்ட ஓலை மாதிரி பரப்பிப் போட்டான். எனக்கு விளங்கவில்லை. அதிகாரி வாசலில் வந்து உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது.

"கர் மே கித்னே லோக்?" என்றார். எத்தனை பேர் என்று நான் கேட்டேன்.

"ரெண்டு பேர்" என்றாள் அன்னம்மாள்.

அவர் பழைய படிவத்தைப் புரட்டினார். மூன்று என்று இருக்கிறதே, அந்தக் குழந்தை எங்கே என்றார்.

அன்னம்மாள் என்னைப் பார்க்கவில்லை, நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள். "ஊருக்கு அனுப்பிட்டோம் ஐயா. படிக்கதுக்கு."

அதிகாரி நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். ஹிந்தியில் சொன்னேன். அச்சா என்று தலையாட்டினார். படிப்பு நல்ல விஷயம் என்றார்.

"வீட்டில் யாருக்கும் நோய் இருந்ததா?"

"கெடயாது."

"உங்கள் தம்பி அன்று நீங்கள் சொன்னதை மாற்றிச் சொன்னாரா?"

"மாத்தலய்யா. நாங்க சொன்னதத்தான் சொன்னான். என் தம்பி பொய் சொல்ல மாட்டான். சும்மா மனசு சரியில்லாம எழுதிக் குடுத்திருக்கான்."

பேனா என் கையில் இருந்தது. அந்த அதிகாரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் என்ன எழுதினாலும் அதுதான் பதிவு. காய்ச்சல் இருந்தது, பிள்ளை செத்தது, அந்த ஓலைக்கு அடியில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் டுங்கி வந்திருக்கும். எழுதினால் அவள் கண் முன்னால் அவள் தம்பியை நான் கொன்ற மாதிரி. சொன்னதை மட்டும் எழுதுகிறாயே, மனசாட்சி இருக்கிறதா என்று அவனைக் கேட்டவள் நான்தான். அன்னம்மாள் இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் எழுதினேன். நோய், இல்லை. மாற்றம், இல்லை.

மற்ற முப்பத்தொன்பது வீடும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அவள் சொன்னதையே அவர்களும் சொன்னார்கள். எழுதினேன்.

அன்னம்மாள் மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தொட்டு, நான் காட்டிய இடத்தில் அழுத்தி வைத்தாள். விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, அதிகாரிக்குக் கேட்காத குரலில் என்னைக் கேட்டாள்.

"இனி தம்பி வேல நிக்கும்லா அம்மா?"

"நிக்கும்" என்றேன்.

டுங்கியைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.